தீவகத்துக்குக் கல் வந்த வழி

தீவகத்து மண்ணிற் கருங்கல் விளைவதில்லை. வேலணை, மண்டைதீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு, காரைநகர் என எவ்விடத்திற் கிணறு வெட்டினும் அலவாங்கு முட்டுவது சுண்ணாம்புக்கல்லில். கரையோரத்தில் அகப்படுவது முருகைக்கல். நெடுந்தீவிற் சாந்து பூசாது அடுக்கிய வேலிமதில்கள் முருகைக்கல்லால் ஆனவை என்பதை அங்குச் சென்றோர் யாவரும் அறிவர். ஆயினும், இத்தீவுகளிற் பழைய வீடொன்றின் அடுக்களையை எட்டிப் பார்த்தால் அம்மி கருங்கல்லாய் இருக்கும். குழவியும் ஆட்டுக்கல்லும் அவ்வாறே இருக்கும். சுண்ணாம்புக்கல்லில் மிளகாய் அரைத்தால் மிளகாயோடு கல்லும் அரைபடும் என்பதை எம் பாட்டிமார் புவியியல் படியாமலே அறிந்திருந்தனர். ஆதலின், தீவகத்தில் ஒரு வன்கல் கிடக்குமாயின் அது எவரோ ஒருவர் கொணர்ந்து இட்ட கல்லேயாம். வன்னியில் ஒரு கல்லைக் கண்டு, "இஃது இங்கு எவ்வாறு வந்தது?" என்று கேட்பார் இல்லை. இங்கோ அவ்வினாவே முதல் வினா.

இவ்வினா இப்பொழுது அம்மி குழவியைக் கடந்து மிகப் பழைய காலத்துக்குச் சென்றுவிட்டது. வேலணைத் தீவில் அகழப்பட்ட சிப்பிமேடொன்றைப் பற்றிய ஆய்வு 2025ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிப்பிமேடு என்பது, கடற்கரையில் வாழ்ந்த பழங்குடிகள் மட்டியும் ஊரியும் சங்கும் எடுத்துத் தின்று, ஓட்டை ஓரிடத்தே எறிய, அது தலைமுறை தலைமுறையாகக் குவிந்து மேடானது. அதன் காலம் ஏறத்தாழ 3,460 ஆண்டுகளுக்கு முற்பட்டது எனக் காபன் கணிப்புக் கூறுகின்றது; அதாவது கி.மு. பதினைந்தாம் நூற்றாண்டு. கந்தரோடையும் ஆனைக்கோட்டையும் எமக்குக் காட்டிய பெருங்கற்காலப் பண்பாட்டுக்கு அது பல நூற்றாண்டு மூத்தது. அம்மேட்டிற் கற்கருவிகளும் கிடைத்துள்ளன. அவை இருவகைக் கல்லால் ஆனவை. ஒன்று குவார்ட்சு, தமிழகத்தார் வெங்கச்சங்கல் என வழங்கும் வெண்கல். மற்றது சேர்ட்டு என்னும் தீக்கல்லினம். இரண்டும் தீவகத்திற்கு உரியவை அல்ல.

தீக்கல் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்போடு உரசித் தீயெழுப்பும் கல்லை எம்மவர் சக்கிமுக்கிக்கல் என்பர். அச்சொல் துருக்கி மொழியிலிருந்து இந்துஸ்தானி வழியாக எம்மிடம் வந்தது. கல் மட்டுமன்றி அதன் பெயரும் பிறதேயத்தது என்று எண்ணும்போது யான் நகைப்பதுண்டு. தொல்காப்பியனார் சொற்களை நான்காக வகுத்து, அயலிலிருந்து வந்தவற்றுள் ஒருசாரனவற்றுக்குத் திசைச்சொல் எனப் பெயரிட்டார். தீவகத்தின் வன்கற்கள் யாவும் திசைக்கற்கள் என்க. ஒரு திசைச்சொல்லை எடுத்துக்கொண்டால், அஃது எத்திசையிலிருந்து, எவர் வாயிலாக, என்ன வடிவில் வந்தது என்று ஆராய்வதே புலவன் தொழில். கல்லை ஆராய்வோர் செய்வதும் அதுவே. யான் இலக்கணங் கற்பிப்பவன். கல்லியல் கற்றவன் அல்லேன். ஆயினும் இருவர் முறையும் ஒன்றாயிருத்தலின் இத்துறையில் நிகழ்வதைப் பல ஆண்டுகளாக ஆவலோடு வாசித்து வருகின்றேன். அவ்வுரிமை பற்றியே இதனை எழுதத் துணிந்தேன்.

முதலிற் கல் பிறக்கும் இடங்களை நோக்குவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் மயோசீன் என்னும் காலத்திற் கடலடியிற் படிந்தது. அப்படிவு மேற்குக் கரையோரமாக மன்னாரையும் புத்தளத்தையும் நோக்கிச் செல்கின்றது. இலங்கையின் ஏனைய பகுதியோ, பத்தில் ஒன்பது பங்கு என்னுமளவுக்கு, அதனினும் பன்மடங்கு பழைய பளிங்குருப் பாறையாலானது. வெண்கல் அப்பாறையினூடே நரம்பு போல் ஓடும். பாறை சிதையும்போது நரம்பு சிதையாது எஞ்சி, ஆறுகளில் உருண்டு, கூழாங்கல்லாகும். வேலணையிலிருந்து கிளிநொச்சிப் பக்கத்து வன்பாறை நிலம் பறவை பறக்கும் கணக்கில் ஏறத்தாழ 60 கிலோமீற்றர். கால்நடையாகக் கரையைச் சுற்றிச் செல்வோனுக்கு அதனினும் மிகுதி. இரணைமடுவின் பெயரையே தாங்கிய ஒரு மண்படிவு அங்குள்ளது. செம்மணலும் அதன் அடியிற் பரலுமாய் அமைந்த அவ்வகைப் படிவுகளிலேதான் இந்நாட்டின் மிகப் பழைய கற்கருவிகள் பல அகப்பட்டன. கலாநிதி சிரான் தெரணியகல 1992இல் வெளியிட்ட பெருநூல் இதனை விரித்துரைக்கும்.

இனி, எதிர்க்கரையை நோக்குக. இராமேசுவரமும் கோடிக்கரையும் எமக்கு அண்மையன. ஆயின் அங்கும் மணலும் முருகையும் வண்டலுமே உள. அக்கரையில் வன்கல் வேண்டுவோன் சிவகங்கை, புதுக்கோட்டை உள்நாடுகளை நோக்கிப் பல காதம் நடக்க வேண்டும். தெற்கே தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரிகளில், சாயர்புரம் முதலிய இடங்களில், வெண்கல்லாலும் சேர்ட்டாலும் ஆன நுண்கற்கருவிகள் மிகுதியாகக் கிடைத்தன. அவற்றை முதலிற் குறித்தவர் புரூசு பூட்டு. பின்னர்ச் சோய்னரும் பிரிட்செட்டு ஆல்சினும் 1956இல் அவற்றை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டபோது, அவை இலங்கையின் கருவிகளை ஒத்திருத்தலையும் எடுத்துக் காட்டினர். வேலணைக்கும் சாயர்புரத்துக்கும் இடையே 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவு, பெரும்பாலும் கடல்.

ஆகவே வேலணைக் கல்லுக்கு எதிரே இரண்டு வழிகள் கிடக்கின்றன. ஒன்று தென்கிழக்கே வன்னிக்குச் செல்வது. மற்றது மேற்கே கடல் கடப்பது. தூரத்தை மட்டும் அளந்து பார்ப்பவன் வன்னியே என்று விடை கூறிவிடுவான். யானும் அப்பக்கமே சாய்கின்றேன். எனினும் தூரம் சான்றாகாது. மன்னார்க் கரையிலே, திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தையில், 1980 முதல் 1984 வரை கார்சுவெல் என்பார் தலைமையில் நிகழ்ந்த அகழ்வில், பெருந்துறைமுகத்தின் மண்ணடுக்குகளுக்கெல்லாம் கீழே கற்கருவி வழங்கிய மக்களின் அடுக்கொன்று வெளிப்பட்டது. அதுவும் கி.மு. இரண்டாம் ஆயிரவாண்டினதே. ஒரே கடலின் கரையில், ஏறத்தாழ ஒரே காலத்தில், இரு கூட்டத்தார் கற்கருவியோடு வாழ்ந்தனர் என்பது தெளிவு. அவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தனரா? ஒரே மலையின் கல்லை இருவரும் வழங்கினரா? இவ்வினாக்களுக்குத் தூரக் கணக்கு விடை தாராது. கல்லே விடை தரல் வேண்டும்.

இன்னுமொன்று. பனிக்கட்டிக் காலத்திற் கடல்மட்டம் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தபோது இலங்கையும் தமிழகமும் ஒரே நிலம். அவ்விணைப்பு இறுதியாக நீருள் மறைந்தது ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன். வேலணைச் சிப்பிமேட்டின் காலத்தில் அது மறைந்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழிந்துவிட்டன. எனவே கல் மேற்கிலிருந்து வந்ததெனின் மரக்கலத்தில் வந்ததென்றே கொள்ள வேண்டும். வன்னியிலிருந்து வந்ததாயினும் ஆழமில்லாக் கடனீரேரியை நடந்தோ தெப்பத்திலோ கடந்திருத்தல் வேண்டும். எவ்வழியாயினும் அம்மக்களை நீருக்கு அஞ்சியோர் எனல் இயலாது.

கல்லிடமிருந்து விடை பெறுவது எங்ஙனம்? இங்கே பொதுமக்கள் பெரிதும் ஏமாறுகின்றனர். நிறத்தையும் மினுக்கையும் பார்த்து, "இஃது அவ்விடத்துக் கல்" என்று கூறிவிடுவது, ஒலி ஒத்திருத்தல் கொண்டு இரு சொற்களை உறவென்று கூறுவதற்கு ஒப்பாகும். வெண்கல் எங்கும் வெண்மையே. கல்லை மயிரிழையினும் மெல்லிய தகடாய்த் தேய்த்து உருப்பெருக்கியின் கீழ் வைத்து அதன் மணிகளின் அமைப்பைக் காண்பது ஒரு முறை. கல்லிற் பத்திலட்சத்தில் ஒருபங்கு அளவிற் கலந்திருக்கும் அரிய மூலகங்களை அளந்து, அக்கலப்பின் விகிதத்தைக் கைரேகை போற் கொள்வது மற்றொரு முறை. நியூத்திரன் பாய்ச்சியும், ஊடுகதிர் பாய்ச்சியும், லேசர் ஒளியால் அணுவளவு ஆவியாக்கியும் அவ்விகிதத்தை இன்று அளக்கின்றனர். எரிமலைக் கண்ணாடியாகிய ஒப்சிடியனுக்கு இம்முறை மிக நன்றாகப் பொருந்தும். ஒவ்வோர் எரிமலைக்கும் விகிதம் வேறு. தீக்கல்லுக்கு அத்துணை எளிதன்று. ஒரே படுகையில், சில வேளை ஒரே கட்டியினுள்ளேயே, விகிதம் மாறும். வெண்கல் இன்னும் கடினம். அஃது ஏறக்குறையத் தூய சிலிக்கா. பிறிதொன்றும் கலவாத பொருளுக்குக் கைரேகை ஏது? தெளிந்த நீரைக் காட்டி எக்கிணற்று நீர் என்று கேட்பது போன்ற வினா அது.

ஆயினும் வெண்கல்லும் முற்றும் ஊமையன்று. அதன் தோலைப் பார்த்தல் வேண்டும். ஆற்றில் உருண்ட கூழாங்கல்லின் மேற்றோல் வழவழப்பாய், நுண்ணிய அடிவடுக்கள் நிறைந்து இருக்கும். பாறை நரம்பிலிருந்து பெயர்த்த கல்லுக்கு அத்தோல் இல்லை. கோணங்கள் கூர்மையாய் இருக்கும், சில வேளை தாய்ப்பாறையின் துணுக்கு ஒட்டியிருக்கும். ஆற்றுக்கல் எனின் எடுத்தவன் ஆற்றங்கரைக்குச் சென்றவன். நரம்புக்கல் எனின் குன்றடிக்குச் சென்றவன். இதற்குப் பெரிய பொறி வேண்டியதில்லை. கைக்கண்ணாடியும் பொறுமையும் போதும்.

கருவியை விடக் கழிவே மிகுதியாகப் பேசும் என்பது இத்துறையார் கூறும் உண்மை. ஒரு கூழாங்கல்லை உடைத்துக் கருவி செய்யும்போது முதலில் தோலோடு கூடிய சில்லுகள் கழியும். பின்னர்த் தோலற்ற சில்லுகள். கடைசியில் நடுக்கரு எஞ்சும். இவை மூன்றும் வேலணையிற் கிடக்குமாயின் முழுக்கல்லைச் சுமந்து வந்து இங்கேயே உடைத்தனர் என்பது பொருள். தோற்சில்லும் நடுக்கருவும் இன்றி, செய்து முடித்த கருவிகளும் அவற்றைத் தீட்டிய நுண்டுகள்களும் மட்டுமே கிடக்குமாயின், கருவி வேறிடத்திற் பிறந்து பயணியின் மடியில் வந்தது என்பது பொருள். முதலாவது நிலை, கல் பெறுவதையே நோக்கமாகக் கொண்ட பயணத்தையோ பண்டமாற்றையோ சுட்டும். இரண்டாவது, காலந்தோறும் கரைக்கும் காட்டுக்கும் அலைந்து திரிந்த ஒரே கூட்டத்தாரைச் சுட்டும். தொலைவு மிக மிகக் கருவி சிறுத்துப் போதலும் உண்டு. கிடைத்தற்கரியதை எவரும் வீணாக்கார். கட்டையான பென்சிலை எறிய மனமில்லாத மாணவனைப் போலத் தேய்ந்த கருவியையும் மீண்டும் தீட்டுவர். ஆகவே அகழ்வாளர் மண்ணைச் சலிக்கும்போது ஒரு நெல்மணியளவு சில்லும் தவறலாகாது. அரிக்கன்சட்டியில் அரிசி களையும் கை இதற்கு வேண்டும்.

நெய்தல் நிலத்தார் கடல்படு பொருளைக் கொடுத்து உள்நாட்டுப் பொருளைப் பெற்றனர் என்பதும், உமணர் உப்பு வண்டியோடு ஊரூராய்ச் சென்றனர் என்பதும் சங்கநூல் கற்றோர் நன்கறிந்தவை. அதனை நினைந்து, வேலணையாரும் கருவாடும் சங்கும் கொடுத்துக் கல் பெற்றனர் என்று எழுதிவிட எமக்குக் கை துடிக்கும். துடித்தாலும் எழுதலாகாது. சங்ககாலத்துக்கும் அச்சிப்பிமேட்டுக்கும் இடையே ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் உள. கழிவுச் சில்லு கூறாததைச் செய்யுள் கூறிவிடாது.

பிறநாட்டார் இம்முறையால் அறிந்தவற்றுள் எமக்கு மிக நெருங்கியது கிரேக்க நாட்டுச் செய்தி. அங்கே பிராங்கிதி என்னும் குகையில், வேளாண்மை தோன்றுதற்கு முற்பட்ட அடுக்குகளில், ஒப்சிடியன் சில்லுகள் கிடைத்தன. கானும் இரென்புரூவும் 1964இல் ஒப்சிடியனின் அரிய மூலகங்களை அளக்கும் முறையை நிறுவினர். அதன்படி, அக்கல் ஈசியன் கடலின் நடுவே உள்ள மீலோசுத் தீவினது எனத் துணியப்பட்டது. அக்குகையில் மரக்கலத்தின் ஒரு பலகைதானும் கிடைத்ததில்லை. ஆயினும் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்திலேயே அம்மக்கள் கடல் கடந்தனர் என்பதை எவரும் இன்று மறுப்பதில்லை. பலகை மக்கிப்போயிற்று, கல் நின்று சான்று கூறிற்று. அங்குத் தீவிலிருந்து பெருநிலத்துக்குக் கல் சென்றது. இங்குப் பெருநிலத்திலிருந்து தீவுக்கு வந்தது. திசை மாறினும் வழக்கு ஒன்றே.

சிந்துவெளி நகரங்களிற் கிடைத்த நீண்ட கல்லலகுகள் பெரும்பாலும் சிந்து மாகாணத்து ரோரிக் குன்றுகளின் தீக்கல்லால் ஆனவை. நூற்றுக்கணக்கான மைல் வடக்கேயுள்ள அரப்பாவிலும் அக்கல் புழங்கிற்று.

கண்ணை மட்டும் நம்பலாகாது என்பதற்கு இங்கிலாந்தின் சுடோன்கெஞ்சு ஓர் எடுத்துக்காட்டு. அங்குள்ள நீலக்கற்கள் வேல்சு நாட்டுப் பிரசெலிக் குன்றுகளின என்று தோமசு என்பார் 1923இற் காட்டியது இன்றும் நிற்கின்றது. நடுவிலுள்ள பலிபீடக்கல்லையும் வேல்சினது என்றே நூறாண்டாகச் சொல்லி வந்தனர். 2024இல் அதன் மணற்றுகள்களின் வயதை அளந்தபோது, அது 700 கிலோமீற்றருக்கும் அப்பால் சுகொத்துலாந்தின் வடகிழக்கிலிருந்து வந்தது எனத் தெரிந்தது. ஆறு தொன் நிறையுள்ள கல்! எங்கள் வேலணைச் சில்லோ ஒரு விரற்கடை. அண்மையிலுள்ள வன்னியே தாயகமாதல் வேண்டும் என்று நான் சாய்வதைச் சொன்னேன். அச்சாய்வையும் அளவுகோலால் சோதித்தே ஏற்க வேண்டும் என்பதற்காக இதனைக் கூறுகின்றேன்.

தீவகத்துக்கே உரிய வேறொரு சிக்கலும் உண்டு. ஊர்காவற்றுறை பழைய துறை. முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு நயினாதீவில் இன்றும் உள்ளது. ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளைக் காக்க வேண்டும் என்றும், யானையும் குதிரையும் ஏற்றிய மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு என்றும் அது விதிக்கின்றது. பேராசிரியர் இந்திரபாலா 1963இல் அதனை வாசித்து வெளியிட்டார். இத்தகைய துறையில் மரக்கலங்கள் பாரம் சமன்செய்யக் கல்லேற்றி வருவதும், சரக்கேற்றும்போது அக்கல்லைக் கரையிற் கொட்டுவதும் உலக வழக்கு. பின்னர் ஒல்லாந்தர் வந்து வேலணைக்கு லெய்டன் என்றும், நயினாதீவுக்கு ஆர்லெம் என்றும், நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும் பெயரிட்டனர், கோட்டை கட்டினர், துப்பாக்கி ஏந்தினர். அக்காலத்துத் துப்பாக்கியின் விசையிற் பொருத்தியது தீக்கல்லே. ஐரோப்பாவில் வெட்டிய சிறு தீக்கல் துண்டொன்று கடற்கோட்டைப் பக்கத்து மணலிற் கிடப்பின் அதனைக் கற்காலத்தது என்று எடுத்துக்கொண்டு ஓடலாகாது. மண்ணடுக்கில் இருந்து எடுத்த கல்லுக்கே மதிப்பு. மேற்பரப்பிற் பொறுக்கிய கல் ஐயத்துக்குரியது.

அவ்வையம் இன்று நாளுக்கு நாள் பெருகுகின்றது. பண்ணைத் தாம்போதி வழியாகவும் வாணர் தாம்போதி வழியாகவும் வன்னிக் கருங்கற் சல்லி பாரவண்டி பாரவண்டியாய்த் தீவகத்துக்கு வருகின்றது. வீதிக்கும் வீட்டுக்கும் அது வேண்டியதே, வேண்டாமென்பார் யார்? ஆயினும் அச்சல்லியினுள் வெண்கல் நரம்பும் உண்டு. அஃது உடைந்து சிதறி, வயலிலும் தோட்டத்திலும் கலந்து, பழைய சில்லோடு பக்கத்தே கிடக்கும். 3,460 ஆண்டுகளாகத் தீவகத்தின் தரை ஒரு வெள்ளைத்தாள் போல இருந்தது. அதன்மேற் கிடந்த ஒவ்வொரு வன்கல்லும் ஓர் எழுத்து. நாம் இப்பொழுது அத்தாள் முழுதும் கிறுக்கிக்கொண்டிருக்கின்றோம்.

இனி, சற்றுக் கசப்பான பொருளுக்கு வருவோம். இந்நாட்டில் மண்ணிலிருந்து எப்பொருள் வெளிப்பட்டாலும் அதனிடம் முதலிற் கேட்கப்படும் வினா, "நீ எவருடையாய்?" என்பதே. தமிழர் தொல்பொருளாய்வைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. குருந்தூர்மலையைச் சூழ்ந்து 2021 முதல் எழுந்த பிணக்கு நீதிமன்றம் வரை சென்றதை யாவரும் அறிவர். தொல்பொருள் என்ற பெயரால் நிலம் போய்விடும் என்னும் அச்சம் வெறும் பிரமையன்று. ஆயின், அவ்வச்சத்துக்கு மாற்றாக, கிடைத்த கல்லையெல்லாம் தமிழ்க்கல் என்று எழுதுவதும் மருந்தாகாது. ஆனைக்கோட்டையில் 1980இற் கிடைத்த முத்திரையில் எழுத்து உண்டு. அதனை வைத்து மொழி பேசலாம். சிப்பிமேட்டு மக்களோ அதற்கும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் முற்பட்டவர். ஓரெழுத்தும் விட்டுச் செல்லவில்லை. அவர்கள் வாயிலிருந்த மொழியைக் கல்லிடம் கேட்பது, செவிடனிடம் பண் கேட்பதாகும். அவர்களைத் தமிழர் என்பாரும், தமிழரல்லர் என்பாரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர்.

மொழியைக் கூறாத கல் பிறப்பிடத்தைக் கூறும். அஃது எமக்கு அற்பச் செய்தியா? தீவகத்தின் முகம் அந்நாளில் எத்திசை நோக்கியிருந்தது என்பதை அஃது அறிவிக்கும். கல் வன்னியினது எனின், தீவகத்தார் குடாநாட்டையும் பெருநிலத்தையும் தம் புழங்குநிலமாகக் கொண்டிருந்தனர். மேற்குக் கரையினது எனின், பாக்குநீரிணை அன்றே ஒரு தெருவாயிருந்தது. இரண்டும் கலந்திருப்பின், வெண்கல் ஒரு திசையும் சேர்ட்டு மற்றொரு திசையுமாயிருப்பின், செய்தி இன்னும் சுவையுடைத்து. தமிழக அரசு 2022இல் மயிலாடும்பாறை இரும்பின் காலம் கி.மு. 2172 என்றும், 2025 சனவரியிற் சிவகளை இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்லும் என்றும் அறிவித்ததை இங்கு நினைக்க. சிவகளை, மேலே கூறிய தேரிகளின் அயலூர் போன்றது. அக்கணிப்பு நிலைபெறுமாயின், அக்கரையில் இரும்பு உருகிப் பல நூற்றாண்டு கழிந்த பின்னும் இக்கரையிற் கல்லே கருவியாயிருந்தது என்றாகும். அதனைக் கேட்டு நாணுவோரும் எம்முள் இருப்பர். நாணுதற்கு என்ன உண்டு? சிப்பி திறக்கவும் மீன் கீறவும் உடைத்த வெண்கல்லின் விளிம்பு நன்கு பயன்படும். எம் வினா வேறு: இரு கரையாரும் ஒருவரையொருவர் கண்டனரா என்பது. அதற்கு விடை தரவல்லது தற்போது நம் கையில் உள்ள அச்சில்லுகள்தாம்.

விடை பெறுவதற்கு வேண்டியது யாது? வேலணைக் கல்லை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும், அதனோடு ஒப்பிடுவதற்கு வன்னிக் கல்லும் மன்னார்க் கல்லும் தேரிக் கல்லும் அளந்து வைக்கப்பட்டிராவிட்டால் அவ்வளவு வெறும் எண். கள்வனின் கைரேகை இருந்தென்ன, ஊராரின் ரேகைப் புத்தகம் இல்லையாயின்? கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் ஆற்றுப்படுகைகளிலிருந்தும் பாறை நரம்புகளிலிருந்தும் கல் சேர்த்து, ஒழுங்குபடுத்தி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஒப்பீட்டுத் தொகுதி வைத்தல் வேண்டும். எதிர்க்கரைப் பல்கலைக்கழகங்களோடு கல் மாற்றிக்கொள்ளலாம். அதற்குக் கடவுச்சீட்டுத் தடையில்லை. இது பெருஞ்செலவும் அன்று. விழாவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும் என்று கூறினால் எம்மவர் சிலர் என்மேற் சினப்பர், சினக்கட்டும்.

மற்றது காலத்தோடு ஓடும் வேலை. அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய மூன்றிலும் காற்றாலும் வெயிலாலும் மின்னெடுக்கும் திட்டத்துக்கு இந்திய நிதியுதவியோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மண்டைதீவிற் பன்னாட்டுத் துடுப்பாட்ட மைதானத்துக்கு 2025 செத்தெம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. மின்னும் வேண்டும், விளையாட்டும் வேண்டும். எம் தீவக மக்கள் போரில் இழந்ததையும், இடம்பெயர்ந்து திரும்பியவர் இன்னும் குறைவாயிருத்தலையும் கண்டவன் எவனும் இவற்றைத் தடுக்க விழையான். ஆனால், நிலத்தைத் தோண்டுமுன் தொல்லியற் பாதிப்பை மதிப்பிட வேண்டும் என்பது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்துக்கு 1998இற் செய்த திருத்தத்திலேயே உண்டு. அச்சட்டத்தைக் கேட்டுப் பெறுவது எம் உரிமை. அதைக் கேட்பதில் எம்மவர் தயங்குகின்றனர். கேட்டால் அகழ்வாளர் வருவர், அகழ்வாளர் வந்தால் எல்லைக்கல் வரும் என்ற அச்சம். யான் இதனை மாறாக எண்ணுகின்றேன். எம் பல்கலைக்கழகத்தாரும் எம் மாணவரும் கூட நின்று, சலித்த ஒவ்வொரு சில்லையும் எண்ணிப் பதிவு செய்யும் அகழ்வில் மறைப்பதற்கு இடமில்லை. கனரகப் பொறி ஒரு காலையில் வாரியெறியும் மண்ணிலோ எல்லாவற்றையும் மறைக்கலாம்.

சிப்பிமேடுகளைச் சுண்ணாம்புக்காகவும் மணலுக்காகவும் தோண்டுவோருக்கும் ஒன்று சொல்ல உண்டு. மேட்டின் வெட்டுமுகத்தில் ஓட்டினிடையே வெண்கற் சில்லு தோன்றினால் அதனைப் பிடுங்காது, நின்ற இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, கிராம அலுவலருக்கோ அயற்பாடசாலை ஆசிரியருக்கோ அறிவித்தல் நன்று. இதனை என் வகுப்பு மாணவருக்கும் கூறியுள்ளேன். அவர்கள் ஆர்வத்தோடு வந்து இடங்காட்டுகின்றனர். இதுவரை காட்டியவற்றுட் பெரும்பாலானவை வீதிச் சல்லி. எஞ்சிய சிலவற்றைக் காகிதத்திற் படமாக வரைந்து, இடமும் நாளும் எழுதி, கிடந்த இடத்திலேயே விட்டு வந்திருக்கின்றோம்.